துடைத்த சாக்பீஸ் கோடு

1

இந்தக் கதை என் அறியாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா. நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாயிருக்கும்.

நைனார்பாளையத்தில் ஒரு பட்டறை, அதில் ஒரு சின்ன மில்லிங் மெஷின். செவ்வந்தி ஒரு இரும்புத் தண்டில் காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், வெட்டுகிறாள். மலைமேல் கரியாலூரில் சாமை குத்துகிற மெஷினுக்கான தண்டு. 'சுழல்கிற ஸ்பிண்டிலில் டிரில் சக்கு, சக்கின் வாயில் கட்டர்' என்று எழுதினேன். காடி விழுந்தது, தண்டு மலையேறியது, எல்லாம் சுபம்.

அதை ஷாலினிக்குப் படித்துக் காட்டினேன். பத்து வருஷமாக அந்த வேலையில் நிற்கிறவள். பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

"இன்னாம்மா, சக்குல போயி கட்டர மாட்டிட்டீங்க? சக்கு தொளை போடத்தான். பக்கவாட்டுல தள்ளிக்கினு வெட்டனா புடி வுட்டுடும். கட்டர கோலெட்லதான்* புடிக்கணும்."

தொழில் தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் செய்யவே மாட்டார்களா என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"ஒரு தபா செஞ்சேன்" என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

(* கீறல் விட்ட சின்ன இரும்புக் குழல். ஸ்பிண்டிலின் உச்சியில் உள்ள நீண்ட போல்ட்டை முறுக்கினால், மேலே இழுபட்டு, கட்டரைச் சுற்றிலும் ஒரேமாதிரி கவ்வும். நான் இதை அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.)

2

ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷாலினியின் நின்றுபோன சிரிப்பு காகிதத்தை விட்டுப் போகவில்லை. திரும்பவும் 'சக்கு' என்றே எழுதினேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். போல்ட்டை முறுக்கியவர், அதன் தலையிலிருந்து ஸ்பிண்டில் விளிம்புவரை சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கவேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அன்று காலை கோலெட்டில் கட்டரை மாட்டி, முறுக்கி, கோடு இழுத்தவள் தமிழ்மொழி, செவ்வந்தியோடு வேலை செய்கிறவள். பிறகு அவள் சாப்பிடப் போனாள்.

தண்டில் ஒரு துளை போட மறந்தது செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. கோலெட்டைக் கழற்றினாள், சக்கை மாட்டினாள், துளை போட்டாள். திரும்பக் கோலெட்டை மாட்டவேண்டும். மலை பஸ்ஸில் தண்டை ஏற்றிவிட நேரம் நெருக்கியது. ஒரே ஒரு காடிதானே என்று கட்டரைச் சக்கிலேயே பிடித்தாள்.

கட்டர் நழுவி இறங்கி உடைந்தது. அந்நேரம் உள்ளே நுழைந்த முதலாளி தனசேகரனின் இடது கண்ணில் ஒரு துண்டு பாய்ந்தது.

[இங்கே ரத்தத்தைப் பற்றி நாலு வரி இருந்தது. அடித்துவிட்டேன். உங்களுக்கு அது வேண்டாம்.]

3

அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தனியே நின்ற செவ்வந்தி சக்கைக் கழற்றினாள். கோலெட்டில் உடைந்த கட்டரைச் சொருகி, போல்ட்டைக் கையால் மட்டும் சுற்றிவிட்டாள். இன்னும் ஒட்டியிருந்த தமிழ்மொழியின் சாக்பீஸ் தடத்தை முந்தானையால் துடைத்தாள்.

[செவ்வந்தி கெட்டவள் இல்லை, அவள் அப்படிச் செய்தது ஏனென்றால்]

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள், கட்டுப்போட்ட கண்ணோடு தனசேகரன் வந்தார். அதுவரை மெஷினை யாரும் தொடவில்லை. போல்ட் தளர்ந்திருந்தது, கோடு இல்லை. முறுக்காமலே விட்டிருக்கிறாள் என்று நினைத்துத் தமிழ்மொழியைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து நீ வராத, தமிழு. என் கண்ணு போனது போவட்டும். இன்னொருத்தர் கண்ணு போவக் கூடாது."

செவ்வந்தி பக்கத்தில்தான் நின்றாள்.

4

முடிவு ஒன்று: செவ்வந்தி உண்மையைச் சொல்கிறாள், தனசேகரன் மன்னிக்கிறார். [கிழித்தேன். பார்வை போனவர் சார்பில் நான் எப்படி மன்னிப்பது?]

முடிவு இரண்டு: அவள் சொல்லவே இல்லை, வருஷங்கள் போகின்றன. [இதைக் கிழிக்கக் கை வரவில்லை. நடக்கக்கூடியது என்பதால் பயமாயிருக்கிறது.]

கடைசியில் அவளைத் தமிழ்மொழியின் வீட்டுக்கே கூட்டிப்போனேன். திட்டு வாங்கட்டும் என்று நினைத்தேன். தமிழ்மொழி திட்டவில்லை. மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, உள்ளங்கையைப் பார்த்தாள்.

"நான் முறுக்கனேன் இல்ல, அக்கா? கோடு போட்ட மாதிரியும் இருக்குது, போடாத மாதிரியும் இருக்குது. அதையே யோசிச்சிக்கினு இருக்கேன். அவரு கண்ணு என்னாலதான் போச்சா? நீ பாத்தியா?"

பிள்ளைகளா, நான் அடித்த வரிகளின் தடம் அடைப்புக்குள் உங்கள் முன்னே கிடக்கிறது. அவள் துடைத்த கோடு எங்கேயும் இல்லை. அது இருந்தது என்று அறிந்தவர்கள் செவ்வந்தியும் நானும். இப்போது நீங்களும்.

தமிழ்மொழி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். செவ்வந்தி இன்னும் வாய் திறக்கவில்லை. அவளுக்காக நான் எழுதப்போவதில்லை. நீங்கள் முந்திக்கொண்டால் எனக்குக் கோபம் இல்லை. போய் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: நீ முறுக்கினாய், தாயே.