பொந்துக்குள் இருந்தவள்

அந்தக் காட்டு முகாமில் அவளுக்குப் பெயர் ‘நாலு வாரம்’. இருவாச்சிப் பறவையின் கூட்டுக்குக் காவல் இருக்கும் அக்கா வைத்த பெயர். சூழல் சுற்றுலாவும் பல்லுயிர்ப் பாதுகாப்பும் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோருமே நாலு வாரத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். ஒவ்வொருத்தர் பெயரையும் மனப்பாடம் செய்ய அக்காவுக்கு என்ன தலையெழுத்தா? ஊரில் நாலு வாரத்தின் அப்பா, மகள் வெளிநாட்டில் படிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எத்தனை நாள் படிப்பு என்று கேட்டவர்களிடம் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

முதல் நாள் வகுப்பு எடுத்ததும் அக்காதான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் முட்டையிட உட்கார்ந்ததும், எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து உள்ளிருந்தபடியே வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இறகெல்லாம் உதிர்ந்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு, இல்லாவிட்டால் இரண்டுக்கும் அங்கேயே சமாதி. இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்கா ஒரே ஒரு தடை போட்டாள். கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் போனில் இருவாச்சியின் குரலை ஓடவிடக் கூடாது. கேட்டால் ஆண் பறவை, வேறொரு ஆண் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டை மறந்து நாள்கணக்கில் அவனைத் தேடி அலையும். நாலு வாரம் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். போட்டு என்ன பிரயோஜனம்?

மூன்றாம் வாரம் செய்முறைத் தேர்வு வந்தது. பத்துச் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போய் வழிகாட்ட வேண்டும்; மதிப்பெண் போடுவது அவர்கள்தான். கூட்டைப் பார்த்தபடி இருக்கும் ஓலை மறைப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் ஆண் இருவாச்சி வரவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் தான் வந்த தூரத்தைச் சொல்லிக் காட்டினார். இன்னொருவர் மதிப்பெண் தாளை மடித்து விசிறிக்கொண்டார். நாலு வாரம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய், போனை எடுத்து அந்தக் குரலை ஓடவிட்டாள். பத்தே நொடிதான்.

காடே அதிர ஆண் இருவாச்சி வந்து இறங்கியது. கிளை கிளையாகத் தாவிக் கத்திவிட்டு மேற்கே பறந்துபோனது. பயணிகள் படம் எடுத்துத் தள்ளினார்கள். பத்துக்குப் பத்து அள்ளிப் போட்டார்கள். அது ஆத்திரத்தில் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அது திரும்பவில்லை. மறுநாள் முழுக்க வரவில்லை. உள்ளே குஞ்சு பொரித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. கீறல் வழியாகத் தாயின் அலகு வெளியே வரும், காத்திருக்கும், உள்ளே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாலு வாரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள்.

“யாராவது ஏதாவது செஞ்சிருந்தா சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன்.”

நாலு வாரம் மென்று விழுங்கினாள். சொன்னால் சான்றிதழ் போய்விடும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அப்பா தெருவில் தலை காட்ட முடியாது. எப்படியும் ராத்திரிக்குள் வந்துவிடும், வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கோழை மனசுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது!

மூன்றாம் நாள் காலையில் அலகு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. யாரும் எதையும் ஒப்புக்கொள்ளாததால் அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். குஞ்சு பொரித்த வீட்டை எந்த ஆணும் சும்மா விட்டுப் போகாது; மின்கம்பியிலோ வேட்டைக்காரனிடமோ மாட்டியிருக்கும். பொந்து வாசலை அடைத்த சுவரை உடைத்து, தாயையும் குஞ்சையும் விலங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. டாக்டர் ஜீப்போடு வந்துவிட்டார். அக்கா உளியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள நாலு வாரத்தை நிறுத்தினாள்.

“அவன் உயிரோட இருந்தா, உடைக்கிறது பெரிய பாவம்,” என்றாள் மேலே போனபடியே. “செத்துட்டான்னுதான் நினைக்கிறேன்.”

“அக்கா…”

“என்ன?”

நாலு வாரம் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“பார்த்து ஏறுக்கா,” என்றாள்.

உளி இறங்கியது. காய்ந்த சுவர் துண்டு துண்டாக அவள் தோளில் விழுந்தது. சிறகில் பாதி இறகு இல்லாத தாயைத் துண்டில் சுற்றி இறக்கினார்கள். அதற்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. குஞ்சுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. குஞ்சு பிழைக்கலாம், தாய்க்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

ஜீப் சத்தம் அடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேற்கிலிருந்து சிறகுச் சத்தம் கேட்டது. ஆண் இருவாச்சி. தொண்டை நிறையப் பழத்தோடு நேரே பொந்துக்கு வந்து உட்கார்ந்தது. ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து உள்ளே நீட்டியது. வாங்க ஆள் இல்லை. பழம் கீழே விழுந்தது. அடுத்ததை எடுத்து நீட்டியது.

அக்கா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு நாளா எங்கடா போயிருந்த?” என்று அதைப் பார்த்துக் கேட்டாள்.

“நான்தான்க்கா,” என்றாள் நாலு வாரம். “முந்தாநாள் போன்ல குரலை ஓடவிட்டேன். பத்து செகண்டு.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்து இவள் கண்ணை மூடிக்கொண்டாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீப்பைத் திருப்பச் சொல்லலாமா, மறுபடி உள்ளே வைத்துவிடலாமா என்று அழுதுகொண்டே கெஞ்சினாள். அந்தச் சுவரைக் கட்ட தாயால்தான் முடியும், அதற்கு இப்போது நிற்கவே தெம்பில்லை, திறந்த பொந்தில் குஞ்சை விட்டால் பொழுது சாய்வதற்குள் மரநாய் தின்றுவிடும் என்றாள் அக்கா. கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

பிறகு கீழே விழுந்த பழத்தை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே, “கீழதானேம்மா நின்ன,” என்றாள். “அப்பச் சொல்லியிருந்தாக்கூட இறங்கியிருப்பேனே.”