ரெண்டு சொட்டு

கறுப்புச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். பாட்டுக்குழுவில் எல்லோரும் போடுகிற சட்டை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கென்று அப்பா எடுத்து வைத்தது, வியாழக்கிழமையே அவரோடு பெட்டிக்குள் போகப்போகிறது.

"பட்டன் ஒண்ணு தொங்குச்சே, பாத்தியா?" என்றாள் அம்மா, கட்டிலில் உட்கார்ந்தபடியே.

"தெச்சுட்டேம்மா."

அப்பா குழாய் வேலை செய்பவர். முந்தாநாள் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் குனிந்தவர் நிமிரவில்லை. பாடிக்கொண்டேதான் இருந்தார், சத்தம் நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம் என்றார் வீட்டுக்காரர். மகளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்தத் தடவை தாளைப் பார்க்காமல் பாட வேண்டும் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவின் மண்டையில் பாட்டு ஏறுவதற்குள் வீடு ஒரு வழியாகிவிட்டது. பல் தேய்க்கும்போதும் அதுதான், தட்டு கழுவும்போதும் அதுதான். குழுவின் நாலு குரல்களில் அவருடையது அடிக்குரல். மெட்டெல்லாம் மேலே வேறு யாருக்கோ. இவர் பங்குக்கு முக்கால்வாசி ஒரே சுரம்.

"என்னப்பா பாட்டு இது, மோட்டார் ஓடுற மாதிரி?"

"எல்லாரோடயும் சேத்துக் கேளு, அப்பத் தெரியும். ஞாயித்துக்கெழம வா."

"வரேன்ப்பா."

வருஷா வருஷம் இப்படிச் சொல்வாள். ஒரு தடவைகூடப் போனதில்லை.

பாட்டின் கடைசியில் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டிய இடத்தில் அப்பா மட்டும் கொஞ்சம் ஓடிவிடுவார். "முடிஞ்சிடுச்சு, நிறுத்துங்க" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். ஒத்திகையிலும் மாஸ்டர் இவரை முறைத்துக்கொண்டேதான், நிறுத்தச் சொல்லிக் கையை மூடுவாராம்.

"கொழாய மூடினா ஒடனே நின்னுடுமா? ரெண்டு சொட்டு வரத்தான் செய்யும்" என்று சிரிப்பார் அப்பா.

வியாழக்கிழமை மண்டபத்தில் பெட்டிக்குப் பின்னால் குழு வந்து நின்றது. கடைசி வரிசை ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மாஸ்டர் அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"மறந்துடுவேனோன்னு பயந்துகிட்டே இருந்தாரே, அந்தப் பாட்டையே பாடறோம்மா."

அம்மா தலையாட்டினாள்.

யார் கையிலும் தாள் இல்லை. பாட்டு தொடங்கியபோது மகளுக்கு அது தெரிந்த பாட்டாகவே இல்லை. அவள் காதில் ஒரு நாளும் விழாத மெட்டு ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல பாட்டா இது என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் கீழே காது கொடுத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல் குறைந்த மோட்டார்.

அவள் உதடு தானாக அசைந்தது. ஓர் இடமும் பிசகவில்லை. கற்றுக்கொள்ளாமலே அவளுக்கு அத்தனையும் மனப்பாடம் ஆகியிருந்தது.

மாஸ்டரின் கை மூடியது. எல்லோரும் நிறுத்தினார்கள். ஒரு குரல் மட்டும் கொஞ்சம் ஓடி, அப்புறம் நின்றது. அது தன்னுடையது என்று மகளுக்கு உடனே தெரியவில்லை.

"முடிஞ்சிடுச்சு" என்றாள் அம்மா மெதுவாக. திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் கடைசி வரிசையில் விட்டிருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடிய கையை இன்னும் இறக்கவில்லை.