நெரேயோ தட்டி வைத்த பந்து

அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நெரேயோ மோத்தா எட்டு முறை வேண்டுமென்றே அவுட்டானதில், லா சான்ஹா என்ற தீவுக் கிராமத்தின் நாற்பத்திரண்டு வீடுகள் ஓடைக்கரையிலிருந்து எழுநூற்று இருபது அடி மேலே நகர்ந்திருந்தன. பேஸ்பால் மட்டையை வீசாமல் பந்துக்குக் குறுக்கே சும்மா பிடிப்பான். பந்து காலடியில் உருளும், அவன் அவுட், ஓட்டக்காரன் தொட வேண்டிய ‘பேஸ்’ என்ற தளத்தில் நிற்கும் கூட்டாளி அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவான். அதே நேரத்தில் வீடுகளும், கொடியில் காயும் துணியோடு, ஒரு தளத்தின் தூரமான தொண்ணூறு அடி முன்னேறும். அவன் வீடு மட்டும் ஓடைக்கரையிலேயே இருக்கும். அவுட்டானவனுக்கு நகர்வு ஏது என்று கரும்பு வெட்டிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் அதையும் ஆட்ட விதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க அணிகளுக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் வீசி அடிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். நெரேயோவுக்கு இருபத்திரண்டு வயது. பதினாறு வயதிலேயே ஆள் எடுத்துவிடும் அந்தத் தீவில் அது கிழவன் கணக்கு. அப்படி ஒருவர் வரவிருந்த ஞாயிறன்றே புயலும் வரும் என்று வானொலி சொன்னது. இன்னும் ஒரு தளம் நகர்ந்தால் ஊர் வெள்ளம் எட்டாத மேட்டில் ஏறிவிடும்.

“இந்தத் தடவை வீசுய்யா. ஊருக்காக அவுட்டானதெல்லாம் போதும்,” என்றாள் அவன் மனைவி தாமரிஸ்.

“வீசத்தான் போறேன்.”

அந்த ஞாயிறு ஆட்டத்தின் கடைசிச் சுற்றில், முதல் தளத்தில் ஒருவன் நிற்க, நெரேயோ அடிக்க வந்தான். அணியை நடத்தும் தோன் பிலோ இடது காதைத் தொட்டார். தட்டி வை என்பதற்கு அதுதான் சைகை. நெரேயோ பார்க்காததுபோல் நின்றான். உடனே பாதிரியார் தன் காதைத் தொட்டார். பொரித்த வாழைக்காய் விற்பவள் எண்ணெய்க் கையோடு தொட்டாள்.

“டேய் மாப்ளே, கண்ணு தெரியலையாடா உனக்கு?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

ஆட்டம் பார்க்க வந்த முந்நூறு பேரும் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க, தாமரிஸ் மட்டும் கையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை, மடியில் இரட்டைக் குழந்தைகள். தாமரிஸ் அவர்களைப் பார்த்தாள், கறுத்த வானத்தைப் பார்த்தாள், பிறகு காதைத் தொட்டாள். நெரேயோவுக்கு அழுகை வந்துவிட்டது. தட்டி வைத்தான்.

ஆள் எடுக்க வந்தவர் நோட்டை மூடிவிட்டு, வீடுகளோடு சேர்ந்து தொண்ணூறு அடி தள்ளிப் போயிருந்த தன் காரைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.

புயலில் ஓடை ஒரே ஒரு வீட்டைத்தான் கொண்டுபோனது. நெரேயோவும் தாமரிஸும் மேட்டில் தங்கை வீட்டுக்குக் குடிவந்தார்கள். அதற்குப் பிறகும் அவன் தட்டி வைத்தான், மற்ற வீடுகள் நெடுஞ்சாலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. அவன் குடிவந்த தங்கை வீடு மட்டும் அசையவில்லை. தங்கை இரண்டு மாதம் முணுமுணுத்தாள். பிறகு வாசலில் பூசணி விதை ஊன்றினாள்.