தட்டக்காவின் பின்கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது. இந்தக் கதையில் வரும் பெண்ணை அவுட் ஆக்கியவன் நான்தான்.

வாரத்தில் ஆறு நாள் பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். இரண்டும் ஒரே வேலைதான்: கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடுவது. அன்று நான் சொன்ன தீர்ப்பு சரி. விதிப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தாலும் சரி. சரியாகச் சொன்ன தீர்ப்பைப் பற்றி எவனாவது கதை எழுதுவானா? எழுத மாட்டான். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேலாக அது என்னைப் பிடுங்கித் தின்கிறது. அதனால் ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: "மருத்துவமனையின் நான்காம் மாடியில், எலும்பு வார்டில், காலை ஆறு மணிக்கு அவள்—"

வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

தொடக்கம் இரண்டு: "பந்து ஒரு வெள்ளைப் புறாவைப் போல—"

அடச்சே. சாஃப்ட்பால் மஞ்சள் நிறம். புறாவும் அங்கே கிடையாது.

தொடக்கம் மூன்று. இது தேறும்:

மருத்துவமனை ஊழியர்களின் சாஃப்ட்பால் குழுவில் அவளைத் தட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பந்தை அடிக்க மாட்டாள், தட்டுவாள். தட்டிவிட்டு விழுந்தடித்து ஓடி, மைதானத்தில் பதித்திருக்கும் முதல் தளமான வெள்ளைத் திண்டைத் தொட்டுவிடுவாள். வயது நாற்பத்தொன்று. எலும்பு வார்டில் பதினோரு வருடமாக உதவியாளர். நோயாளிகளைத் தூக்கி உட்காரவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, மறுபடி தூக்குவது. வார்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும், வீட்டிலும் அதே கதைதான். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் மட்டும் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கேப்டன் மருந்தகத்தில் வேலை செய்கிறவள், மாத்திரை எண்ணுவதுபோல் அளந்து பேசுவாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த மாசம் வர்ற மேட்ச்ல உங்ககிட்டருந்து ஒரு நல்ல அடி வேணும். இல்லன்னா உங்க எடத்துல எக்ஸ்ரே பொண்ணப் போட்டுடுவேன்."

"நான்தான் தட்டிட்டு ஓடிடறேனே, பத்தாதா?"

"எல்லாரும் கிட்ட வந்து நின்னுக்கறாங்கக்கா. நீங்க தட்டுனா குனிஞ்சு எடுத்துட்டுப் போறாங்க."



3

அவளுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள் நாத்தனார்.

(நாத்தனார் என்றதும் உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். தயவுசெய்து அதைக் கலைத்துவிடுங்கள். முதல் பிரதியில் நானும் அவளைக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்காரியாகத்தான் எழுதினேன், கதைக்கு உப்பு வேண்டுமே என்று. ஒட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன்.)

நாத்தனார் அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். குழுவுக்குப் பந்து வீசுகிறவளும் அவள்தான். வேலை முடிந்ததும் இருவரும் சலவைக்கூடத்தின் பின்முற்றத்துக்குப் போவார்கள். கொடியில் ஈரப் படுக்கைவிரிப்புகள் வரிசையாகத் தொங்கும். நான்கு வாரம் அங்கேதான் பயிற்சி.

"அண்ணி, நீங்க பந்தக் கையால தள்ளுறீங்க. ஒடம்பு மொத்தமும் முன்னாடி சாயுது, கை அது பின்னாடி ஓடுது. அப்புறம் அடி எங்கருந்து வரும்?"

"கையிலருந்துதானே வரணும்?"

"இடுப்புலருந்து வரணும். இங்க பாருங்க."

அழுக்குத்துணி மூட்டை ஒன்றைப் பிடித்து வண்டிமேல் வீசிக் காட்டினாள். இடுப்பு முதலில் திரும்பியது. தோள் அதைத் தொடர்ந்தது. கை கடைசியில்தான் வந்தது. அவ்வளவு பெரிய மூட்டை பொத்தென்று வண்டியில் போய் உட்கார்ந்தது.

"முதுகுத்தண்டு அடிச்ச ஆணி மாதிரி ஒரே எடத்துல நிக்கணும். அதச் சுத்தித்தான் எல்லாம் திரும்பணும். முன்கால் ஊனினதும் இடுப்பு, அப்புறம் தோள், கடைசில பேட். பின்கால் பெருவிரல்ல நின்னு சுத்துங்க, குதிகால் தானா மேல வரும். தலை மட்டும் ஆடக்கூடாது."

"இவ்வளவையும் நெனச்சுட்டு நின்னா பந்து தாண்டிப் போயிடும்டி."

"போகட்டும். இங்க என்ன கூட்டமா பாக்குது?"

முழங்கை விலாவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டி அவள் அக்குளில் இடுக்கிவிட்டாள் நாத்தனார். பந்தை நோக்கிக் கையை நீட்டினால் துண்டு விழும். முதல் வாரம் அது விழுந்துகொண்டே இருந்தது. குனிந்து எடுத்து எடுத்து நொந்துபோனாள். இரண்டாவது வாரம் பாதி நாள் நின்றது. மூன்றாவது வாரம் பேட்டை வீசி, தொங்கிய விரிப்பில் அறைந்தாள். பக்கத்துக் கூடத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவள் என்ன உடைந்தது என்று எட்டிப் பார்த்தாள்.

"இதாண்ணி. இதேதான்" என்றாள் நாத்தனார்.

[ஓர் இடைக்குறிப்பு. நாத்தனார் எப்போதும் எதிரே நின்று முழங்கையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள். பின்காலை யாரும் பார்க்கவில்லை. பெருவிரலில் சுற்றினீர்களா என்று கேட்டால் "சுத்தினேனே" என்பாள். பொய் சொல்லவில்லை, சுற்றியதாகத்தான் நம்பினாள்.]

4

இனி என் முறை.

கடைசிச் சுற்று. மருத்துவமனைக் குழு ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் தளங்களில் காத்திருக்கிறார்கள். தட்டக்கா அடிப்பவர் நிற்க வேண்டிய சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வந்து நின்றாள். தட்டக்காதானே என்று எதிரணியில் ஐந்து பேர் கிட்டே வந்து குனிந்துகொண்டார்கள். ஒருத்தி சிரித்ததுகூடக் கேட்டது.

பந்து வந்தது. அவள் அடித்தாள். ஐந்து பேர் தலைக்கும் மேலே போய், வேலியைத் தாண்டி, அங்கே நிறுத்தியிருந்த வேனின் கூரையில் விழுந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அவள் அப்படி ஒன்றை அடித்ததில்லை. மைதானமே பந்தைப் பார்த்தது. நான் மட்டும் கீழே பார்த்தேன். அவளுடைய பின்கால் சுழலவில்லை. எடுத்து வைத்திருந்தாள், கோட்டுக்கு வெளியே, முழுப்பாதமும். பேட்டில் பந்து படும்போது பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே மண்ணில் இருந்தால் அவுட்.

கையைத் தூக்கினேன். மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது.

அதற்குள் அவள் இரண்டு தளம் ஓடியிருந்தாள். கையை விரித்துக்கொண்டு ஓடினாள். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

திரும்பி வந்து கட்டத்தருகே குனிந்து பார்த்தாள். காலணித் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது.

"ஆமா" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் எக்ஸ்ரே பொண்ணின் பெயர் இருந்தது.

5

ஆறு வாரம் கழித்து என் மச்சான் ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டான். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அச்சகத்துப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அட, கால் சார்."

குழுவில் எனக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒனக்கு இவங்களத் தெரியுமா மாப்ளே?" என்றான் மச்சான்.

"என்னை அவுட்டாக்குனவரு இவருதாங்க" என்றாள், அவனுக்கு அடியில் விரித்திருந்த துணியை இரு கையாலும் பிடித்துக்கொண்டே.

"என் கல்யாணப் பத்திரிகையிலயே பதினாலு தப்பு கண்டுபிடிச்சவன்மா இவன். நீங்க எம்மாத்திரம்?"

அவள் சிரித்துக்கொண்டே அவனைப் புரட்டினாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவள் முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. இடுப்பு துளியும் முறுக்கவில்லை. திரும்ப வேண்டிய பக்கம் பாதங்களை எடுத்து எடுத்து வைத்தாள், உடம்பு அவற்றோடு மொத்தமாகத் திரும்பியது.

"திரும்பறப்ப நீங்க காலை எடுத்து வெக்கிறீங்க" என்றேன்.

"பின்ன? இடுப்ப முறுக்கக் கூடாது, காலத் திருப்புன்னுதான் மொத நாளே சொல்லிக்குடுப்பாங்க. பாரத்தோட முறுக்குனா முதுகு போயிடும் சார். பதினோரு வருஷமா இப்படித்தான்—"

வாக்கியத்தை நான் கைவிடவில்லை, அவள்தான் அங்கே நிறுத்தினாள். மச்சான் பாதிப் புரட்டலில் நின்றான்.

"பேட்ல ஏது சார் பாரம்?" என்றாள் மெதுவாக.

"முழுசாப் பொரட்டிட்டு அப்புறம் பேசுங்களேன்" என்றான் மச்சான்.

நாத்தனாரைப் பற்றி, முற்றத்தைப் பற்றி, துண்டைப் பற்றி எல்லாம் அடுத்த நான்கு நாட்களில் அவள் சொன்னதுதான். சொல்லாததை நானே போட்டு நிரப்பினேன். எது எது என்று கேட்காதீர்கள்.

6

முடிவு அ: அம்பயர் கையைத் தூக்கவில்லை. குழு ஜெயிக்கிறது, எல்லோரும் அவளைத் தோளில்— எழுதினேன், நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன். குனிந்து தடத்தைப் பார்த்து "ஆமா" என்றவளிடம் இதை எந்த மூஞ்சியோடு காட்டுவது?

முடிவு ஆ: அவள் பேட்டை நாத்தனாரிடமே கொடுத்துவிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்— இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இ: எக்ஸ்ரே பொண்ணுக்குக் கை சுளுக்கிக்கொள்கிறது. சுத்தச் சோம்பேறித்தனம். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

நடந்தது இது. பின்முற்றத்தில் மறுபடி பயிற்சி தொடங்கியது. இந்தத் தடவை துண்டு அக்குளில் இல்லை, பின்காலின் பெருவிரலுக்கு அடியில். சுற்றினால் துண்டு முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்து வைத்தால் அப்படியே கிடக்கும். நாத்தனார் பந்து வீசுவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து துண்டையே பார்த்தாள். மூன்று வாரத்தில் அது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு தட்டக்கா கேப்டனிடம் போனாள்.

"பத்துப் பந்து போடச் சொல்லுங்க. மூணு பந்தாவது வேலி தாண்டணும். ஒரு தடவ கால் வெளிய போனாலும் நானே ஒதுங்கிக்கறேன்."

"யாரு பாக்கறது? நம்ம ஆளுங்க பூரா உங்க பக்கம் பேசுவாங்க."

"கால் சாரக் கூப்பிடுங்க."

ஏன் நான் என்று அவளிடமே கேட்டேன்.

"அன்னிக்கு எல்லாரும் பந்தத்தான் பாத்தாங்க சார். என்னைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

ஞாயிறு வருகிறேன் என்றேன். 

7

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பந்து முடிந்துவிட்டது. இரண்டு பந்து வேலி தாண்டியிருக்கின்றன, இன்னும் ஒன்று வேண்டும், கால் ஒன்பது தடவையும் உள்ளே. கேப்டன் கைகட்டி நிற்கிறாள். எக்ஸ்ரே பொண்ணும் வந்திருக்கிறாள், நகத்தைக் கடித்துக்கொண்டு. யாருக்காகக் கடிக்கிறாள் என்று தெரியவில்லை. நாத்தனார் கையைச் சுழற்றுகிறாள். அண்ணியாயிற்றே என்று அவள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை, பந்து விர்ரென்று வருகிறது.

நான் குனிந்திருக்கிறேன். தலையைத் தூக்கிப் பந்தைப் பார்த்தால் காலை விட்டுவிடுவேன். ஒரு கண்ணால் இரண்டையும் பார்க்கிற வித்தை எந்த அம்பயருக்கும் வராது, எந்த எழுத்தாளனுக்கும் வராது.

முன்கால் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. பின்காலின் பெருவிரல் மண்ணைக் குடைந்துகொண்டு சுற்றியது, குதிகால் எழுந்தது. கோட்டுக்கு நான்கு விரல் உள்ளே. பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்டது.

அவள் ஓடவில்லை. பந்தையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கால் உள்ள இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் தலை நிமிர்ந்தது. என் வேலை அதோடு முடிந்தது. நான் இன்னும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பார்க்கிற பக்கம் நீங்கள் பாருங்கள். பந்து வேலிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். அவளுக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.