கயிறு புதுசு

மோதிரம் கழலவில்லை.

சோணைமுத்து விரலைச் சோப்பு நுரைக்குள் முக்கித் திருகினான். கணுவைத் தாண்ட மறுத்தது. பட்டறைக்காரர் ஐயாத்துரை, பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவைப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை. அருப்புக்கோட்டையில் நகைக்கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஏழு கதவைத் தட்டிவிட்டு எட்டாவதாகத் தட்டியபோதுதான் இவர் எட்டிப் பார்த்திருந்தார்.

"நூலு சுத்தி உருவிப் பாப்போம். அவசரப்பட்டா வெரலு வீங்கிரும்ப்பா."

"மணி என்னண்ணே?"

"பன்னெண்டே கால்."

நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

"வெட்டி எடுங்கண்ணே."

ஐயாத்துரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பழைய தங்கம். முத்திரை கெடையாது. வெட்டுனா வெட்டுனதுதான், சொல்லிட்டேன்."

"வெட்டுங்க. அதுக்குப் பதிலா செஞ்சு வச்ச பொட்டுத்தாலி ஒண்ணு குடுங்க. மிச்சத்த இன்னொரு நாள் பேசிக்கிருவோம்."

"தாலியா? யாருக்குக் கல்யாணம்?"

"எங்க அக்காவுக்கு."

சிரிக்கப் போனவர், அவன் தோளில் கிடந்த ஈரத் துண்டையும் செருப்பில்லாத காலையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எப்பத் தவறுனாக?"

"விடியக்காலம்."

ஐயாத்துரை கத்தரியை எடுத்தார்.

கனகலட்சுமி காலையில் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. சனிக்கிழமை ஷிப்டு முடித்து வந்து படுத்தவளை, காபியோடு போய் எழுப்பிய அவன் மனைவி முருகேஸ்வரி தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகாதவள். அவர்கள் வகையறாவில் அப்படிப்பட்டவளை அப்படியே தூக்க மாட்டார்கள். வாழைக்கன்று ஒன்றை மாப்பிள்ளையாக நிறுத்தி, அதன் பேரில் கழுத்தில் ஒரு தாலியைக் கட்டித்தான் எடுப்பார்கள்.

போன் அடித்தது. முருகேஸ்வரி.

"ஏங்க, எங்க இருக்கீக? பெரிய மாமா சத்தம் போடுறாக. கவரிங் ஒண்ணு வாங்குனாப் போதுமாம்."

"தங்கம் கெடச்சிருச்சு. வாரேன்."

"நெருப்புல போறதுக்கு எதுக்குங்க தங்கம்?"

அவன் போனை வைத்தான். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவள் கழுத்தில் கிடக்கும் தாலிச் சங்கிலியும், இப்போது இரண்டு துண்டாக ஐயாத்துரையின் தராசில் கிடக்கும் மோதிரமும் ஒரே நகையை உருக்கிச் செய்தவை. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி. கனகத்தின் கல்யாணத்துக்கென்று அம்மா சாகும்போது சொல்லி வைத்துப் போனது. தம்பிக்குப் பெண் அமைந்ததும் கனகமே எடுத்துக் கொடுத்தாள். "எனக்கு வரன் வரும்போது பாத்துக்கிருவோம்டா. பொட்டிக்குள்ள கெடந்து அது என்ன குட்டியா போடப் போகுது?"

வரன் இரண்டு வந்தது. என்ன போடுவீர்கள் என்று கேட்டது. எழுந்து போனது. கனகம் மில்லுக்கு வேலைக்குப் போனாள்.

இருபத்திரண்டு வருடம்.

பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு குட்டியானை வண்டியைக் கிளப்பினான். திருச்சுழி ரோட்டில் வெயில் கானலாக நெளிந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், எங்கோ கரிமூட்டப் புகை, மறுபடியும் சீமைக்கருவேல். ஊர் விலக்கில் திரும்பும்போது மணி ஒன்றேகால்.

வாசலில் வாழைக்கன்று தயாராக நின்றது. மஞ்சள் பூசி, வேட்டித் துண்டு சுற்றி, மாலை போட்டிருந்தார்கள். பெரியப்பா பால்சாமி அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாலே. தாலி வாங்க அருப்புக்கோட்டை போனியா, அமெரிக்கா போனியா?"

முற்றத்து மூலையில் நான்கு பக்கமும் சேலையைப் பிடித்து, உள்ளே கனகத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சட்டென்று அது நின்றது.

பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளின் தலை சேலைக்கு மேலே தெரிந்தது. "முருகேசு, உள்ள வா தாயி." உள்ளே போன முருகேஸ்வரி முகம் மாறி வெளியே வந்தாள். பின்னாலேயே சங்கரம்மாள், மூடிய கையோடு.

"என்ன அத்தை?"

அவள் கையை விரித்தாள். மஞ்சள் கயிறு. கயிற்றில் ஒரு தாலி.

"இது ஏது?"

"என்னையக் கேட்டா? பாவாட நாடாவுல சுருட்டி முடிஞ்சு கெடந்துச்சு."

சோணைமுத்து அதை வாங்கினான். கனமே இல்லை. கவரிங். ஓரமெல்லாம் முலாம் போய்ச் செம்பு பல்லிளித்தது. பால்சாமி எழுந்து வந்து அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, வெயிலுக்குக் காட்டினார். அவர் ஒரு காலத்தில் ஊர்த் தலையாரி. எதையும் துப்பு விசாரிக்கிற மாதிரிதான் பார்ப்பார்.

"தாலி பழசு. தேஞ்சு போச்சு. இருவது வருசமாவது இருக்கும்." மூக்கருகே கொண்டுபோனார். "கயிறு புதுசு. மஞ்ச வாடை கூடப் போகல."

"அதுக்கென்ன பெரியப்பா?"

"தாலியறுத்தவ கயிறு மாத்த மாட்டால்ல? அப்ப அவன் உசுரோட இருக்கான்."

"எவன்?"

"அதத்தாம்லே நானும் கேக்கேன். எவன்?"

எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல் முனகியது. "ஷிப்டு ஷிப்டுன்னு ஓடுனது இதுக்குத்தானாக்கும்." சோணைமுத்து திரும்பினான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பால்சாமி குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தன் கட்டுன கழுத்துல வாழைய வச்சு இன்னொண்ணு கட்ட முடியாது. புருசன்னு ஒருத்தன் இருக்கையில அவனுக்குச் சொல்லாமத் தூக்கவும் முடியாது. ஆளு யாருன்னே தெரியாம எரிச்சுட்டோம்னா, நாளைக்கு உங்க அக்கா பேரு இந்த ஊர்ல என்னன்னு நிக்கும்? யோசி. மூணு மணிக்குள்ள ஆளக் கண்டுபுடி."

கனகத்தின் போனை எடுத்தான். பட்டன் போன். அதில் மொத்தமே பதினொரு நம்பர். தம்பி. முருகேசு. கேஸ். ரேசன் கடை. சூப்பர்வைசர். சுகந்தி. மீதியும் மில்லுப் பெண்கள்தான். முழுப் பட்டியலையும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு முறை மேலிருந்து கீழே போனான். ஆண் பேர் ஒன்றுகூட இல்லை.

இரண்டு மணிக்கு மில்லு வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாலையோடு இறங்கினார்கள். அழுதுகொண்டே வந்தவர்களில் கனத்த குரல்காரி ஒருத்தி, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க, கனகக்கா வீட்டுக்காரரு? வந்துட்டாரா?"

பால்சாமியின் தலை மெதுவாகத் திரும்பியது. "அவரு யாரும்மா?"

"என்னய்யா இப்படிக் கேக்கீக? தூத்துக்குடி உப்பு லாரி ஓட்டுறவரு. மாசத்துக்கு ஒருக்கத்தான் வீடு தங்குவாராம்ல. கத்திரிக்கா கொழம்பு ஆகாதாம். கொறட்டையில ஓடு பறக்குமாம், அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. நாங்கதான் ஒருநாளும் பாத்ததில்ல."

"எந்த வீட்டுல தங்குவாராம்? இந்த வீட்டுலயா?"

கனத்த குரல்காரி விழித்தாள். ஊர்ப் பெண்கள் மில்லுப் பெண்களைப் பார்த்தார்கள். மில்லுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் யாரையும் பார்க்காமல் குனிந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். சோணைமுத்து அவளிடம் போனான்.

"நீங்கதான் சுகந்தியா?"

"ஆமாண்ணே."

"கொஞ்சம் இப்படி வாங்க."

குட்டியானைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் பேசினார்கள். பேசியது பூராவும் அவள்தான். கடைசியில் அவன் வண்டியின் பக்கப் பலகையை எட்டிப் பிடித்துக்கொண்டான். வெயிலில் கிடந்த தகரம் கையைச் சுட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது முற்றம் அவன் வாயையே பார்த்தது.

"மச்சான்கிட்டப் பேசியாச்சு" என்றான்.

"எந்த மச்சான்?"

"எங்க அக்கா வீட்டுக்காரரு. சுகந்தி போன்லருந்து பேசுனேன். வண்டி நாக்பூரு தாண்டி நிக்கிதாம். வர மூணு நாளாகும். தூக்கச் சொல்லிட்டாரு. கொள்ளி என்னைய வைக்கச் சொன்னாரு."

பால்சாமிக்குத் திருப்தியில்லை. "பொண்டாட்டி செத்ததுக்கு வராதவன் என்னலே புருசன்?"

"அவரு அன்னைக்கே வந்தாரு பெரியப்பா. பொண்ணு கேட்டு. நாந்தான் வாசல்லயே நிறுத்தி வேணாம்னு அனுப்பிட்டேன். இந்த வாசல மிதிக்க மாட்டேன்னு போனவரு."

"ஏன் வேணாம்னே?"

"அக்கா பங்கு நெலம் போயிருமேன்னு."

பால்சாமி அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பினார். "சீ. நீயெல்லாம் ஒரு தம்பி."

"ஆமா" என்றான் சோணைமுத்து.

அதற்குப் பிறகு யாரும் கனகத்தைப் பற்றி முனகவில்லை. முனகலெல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு பேர் வாழைக்கன்றைத் தூக்கிப் போய்க் கொல்லையில் சாய்த்தார்கள். சங்கரம்மாள் கேட்டாள்.

"இப்ப எதய்யா போட? நீ வாங்கியாந்ததையா?"

"இருக்குறதையே போடுங்க."

"செம்பு தெரியிதேப்பா."

"தெரியட்டும் அத்தை."

தங்கப் பொட்டலத்தை முருகேஸ்வரியிடம் கொடுத்தான். அவள் வாங்கி, அவனுடைய வெறும் விரலைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சுமங்கலிக்குச் செய்வது. மஞ்சள் பூசினார்கள். கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். மில்லுப் பெண்கள் கொண்டுவந்த மல்லிகைப்பூ போதாதென்று ஊர்ப் பெண்கள் தங்கள் தலையிலிருந்ததையும் கிள்ளி வைத்தார்கள். சங்கரம்மாள் வகிட்டில் குங்குமத்தை அப்பி, "புருசன் இருக்கையில போற மகராசி" என்று ஒப்பாரியை எடுத்தாள். அத்தனை பெண்களும் தோள் கோர்த்துக்கொண்டார்கள். அந்தத் தாலி, இந்த வீட்டு முற்றத்தில் முதல் தடவையாகச் சேலைக்கு வெளியே கிடந்தது.

நான்கு மணிக்குத் தூக்கினார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, மோட்டார் ரூமில் குளித்துவிட்டு அவன் வீடு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆட்கள் போயிருந்தார்கள். கழுவி விட்ட முற்றம் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் கிடந்தது. முருகேஸ்வரி துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, அந்த அண்ணன் நம்பரக் குடுங்க. பதினாறுக்கு நானே பேசிக் கூப்புடுறேன். உங்க மேல உள்ள கோவத்துல வராம இருந்துறப் போறாரு."

"நம்பரு இல்ல."

"பேசுனேன்னீக?"

அவன் தலை துவட்டுவதை நிறுத்தினான். வண்டி மறைவில் சுகந்தி சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே முருகேஸ்வரியிடம் சொன்னான்.

"யாரும் இல்லண்ணே. யாரும் கட்டல. மில்லுக்கு வந்த புதுசுல, கடைசி பஸ்ஸுல தெனம் ஒருத்தன் அக்கா மேல ஒரசிக்கிட்டே வருவான். கழுத்து வெறுங்கழுத்தா இருக்கப் போயித்தானன்னு ரெண்டு பேருமாப் போயி பஸ் ஸ்டாண்டுல அறுவது ரூவாய்க்கு வாங்குனோம். அன்னைக்கோட நின்னுச்சு. வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னு மில்லுல கேட்டாளுக. அக்கா வாயில வந்ததச் சொன்னாக. ஒருக்கச் சொன்னா விடுவாளுகளா? வருசம் பூராச் சொல்ல வேண்டியதாப் போச்சு. பேரக் கேட்டா மட்டும், புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாக. ஆடிப்பெருக்குக்கு எங்களோட உக்காந்து கயிறு மாத்துவாக. வெலக்குல பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே கழட்டி இடுப்புல முடிஞ்சுக்கிருவாகளாம். அங்கயிருந்து ரெண்டு கிலோமீட்டரு கருவேலங்காடு, ஒத்தையில, இருட்டுக்குள்ள. அங்கதானக்கா அது வேணும், அங்க போயிக் கழட்டுறேங்கிறீகளேன்னு ஒருநா கேட்டேன்ணே. எங்க ஊரு எல்லைக்குள்ள எனக்கென்னடி பயம், தம்பி இருக்கான்லன்னாக."