கூலிக்குத் தரித்திரம்

என் தங்கை வெங்கடலட்சுமியின் புருஷன் சௌடப்பன் பார்த்த வேலையை அருப்புக்கோட்டையில் அவனுக்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சீட்டாட்டத்தில் யார் தோற்க வேண்டுமோ, அவர் பக்கத்தில் போய் உட்காருவான். அவ்வளவுதான் வேலை. கூலி, ஆட்டத்துக்கு ஒரு படி கம்பு.

சிரிக்க வேண்டாம். அது யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து எங்கள் தெருவில் தறிகள் எல்லாம் சும்மா கிடந்தன. எங்கள் வீட்டுத் தறிக்குழியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற சனம் நாங்கள். இரண்டு பாஷையிலும் சர்க்காரைத் திட்டிவிட்டு, கிடைத்த வேலைக்குப் போனோம். ஒருவன் விறகு வெட்டப் போனான், ஒருவன் கிணறு வெட்டப் போனான். எங்கள் வீட்டு மாப்பிள்ளை உட்காரப் போனான்.

அவனுக்கு ராசி கிடையாது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பஸ் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டிய நாட்கள். திருச்சுழி பஸ்ஸில் சௌடப்பன் ஏறினான்; ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. கரியைக் கிளறிப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் எல்லாரும் ஏறி, சௌடப்பன் மட்டும் கீழே நின்றபோது கிளம்பிவிட்டது. "ராசிகெட்ட ஆளு" என்று சொல்லி, கண்டக்டர் அவனை விட்டுவிட்டுப் போயும்விட்டார். கரி பஸ் அவன் இல்லாதபோதும் ஆயிரம் தடவை நின்றிருக்கிறது. அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? எனக்குச் சூதாடுகிறவனைக் கண்டால் ஆகாது. ராசி பார்க்கிறவனைக் கண்டால் அதைவிட ஆகாது. ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர் உக்கிரபாண்டி.

உக்கிரபாண்டி திருச்சுழிப் பக்கத்து மிளகாய் பயிரிடுகிற சம்சாரி. பல்லி சத்தம் போட்டால் எடுத்த காலைக் கீழே வைக்கமாட்டார். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். சீட்டில் அவருக்கு ஒரே எதிரி, பந்தல்குடிப் பக்கத்துச் சங்கையா. சங்கையாவுக்கு ராசி, நட்சத்திரம், சகுனம் எல்லாம் கேலி. ஜெயிப்பது கைத்திறமை என்பார். அந்தத் திமிரோடு வாராவாரம் உக்கிரபாண்டியின் வத்தல் காயும் களத்துக்கே வந்து ஜெயித்துவிட்டுப் போவார்.

பஸ் நின்ற மறுவாரமே உக்கிரபாண்டி சௌடப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். தறி நின்று எனக்கும் வேலை இல்லாததால் துணைக்குப் போனேன். களத்து ஓரக் கொட்டகையில் பாய் விரித்திருந்தது.

"யாருய்யா இது?" என்றார் சங்கையா.

"நம்ம செட்டியாரு. சும்மா ஆட்டம் பாக்க வந்திருக்காரு. ஒங்க பக்கத்துல உக்காரட்டுமே" என்றார் உக்கிரபாண்டி, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

பஸ் கதை பந்தல்குடி வரைக்கும் போயிருந்தது. சங்கையாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் எழுந்து போ என்று சொன்னால் ராசியை நம்புகிறவர் ஆகிவிடுவாரே! "நல்லா உக்காரட்டும். மடியிலகூட உக்காரட்டும். சீட்டு என் கையில இருக்கு, ராசி வந்து என்னத்தப் பிடுங்கிரும்?" என்றார்.

மூணு சீட்டு ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு. வந்தது மட்டம் என்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். நல்லது என்றால் மேலே மேலே பந்தயம் கட்டலாம். எப்போது ஒதுங்குவது என்பதில்தான் சூட்சுமம். அதில் சங்கையாவை மிஞ்ச ஆள் இல்லை. சில்லறைக் காசுக்கும் அப்போது பஞ்சம் என்பதால் மிளகாய் வத்தலைக் கட்டித்தான் ஆடினார்கள். நடுவில் குவியல் ஏற ஏறத் தும்மலும் ஏறும். ரோட்டில் போகிறவன் தும்மலை வைத்தே பந்தயம் பெரிசா சின்னதா என்று சொல்லிவிடுவான்.

சங்கையா சீட்டைப் பிரித்துப் பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் கவிழ்க்கப் போனார். பக்கத்தில் இருந்த சௌடப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், என் தரித்திரத்தால் இந்த மனுஷன் கெடப்போகிறாரே என்று இரக்கம் வந்துவிட்டது. அவன் சுபாவமே அப்படி. வழியில் நொண்டுகிற நாயைப் பார்த்தால்கூட நின்று நாலு வார்த்தை ஆறுதல் சொல்லுவான்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் கலங்காதீக. ஒங்க தெறமைக்கு முன்னால என் ராசி எம்மாத்திரம்? ஒங்க கைய ஜெயிக்க இந்தச் சீமையில ஆளு இருக்கா?"

கவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. சங்கையாவின் மீசை லேசாகத் தூக்கியது. ஒரு கூடை மிளகாயை நடுவில் தள்ளினார். தோற்றார். அடுத்த ஆட்டத்தில் சௌடப்பனுக்கு இரக்கம் இன்னும் அதிகமானது. இன்னும் நன்றாக ஆறுதல் சொன்னான். சங்கையா இன்னும் பெரிய கூடையைத் தள்ளினார். சாயங்காலம் அவர் வெறும் வண்டியோடு ஊருக்குப் போனார். உக்கிரபாண்டி சௌடப்பனைக் கட்டிப் பிடித்து, "நீரு சாதாரண ஆளில்லய்யா, அசல் மூதேவி!" என்று கண் கலங்கினார். சௌடப்பனும் கலங்கினான். அவனை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, வேலை செய்தது அவன் ராசி அல்ல, அவன் வாய் என்று. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு படி கம்பை அளந்து துண்டில் கொட்டினார்கள். கம்பைப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவனுக்கு நல்ல கிராக்கி. பாளையம்பட்டியில் கூப்பிட்டார்கள், பந்தல்குடியில் கூப்பிட்டார்கள். என் தங்கை வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது. "எங்க வீட்டுக்காரர் மாதிரி ராசிகெட்டவுக நாலு ஊருல கெடையாது" என்று அவள் குழாயடியில் பெருமையடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னம் பணியாரமாக வீங்கி, வாயில் கிராம்பை அடக்கி, தாடையைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அப்படியே உக்கிரபாண்டியின் களத்துக்கு வந்து சங்கையா பக்கத்தில் உட்கார்ந்தான். வாயைத் திறக்க முடியவில்லை. சங்கையாவுக்கு மட்டமான சீட்டு வந்தது, கவிழ்த்தார். மறுபடி வந்தது, கவிழ்த்தார். நல்ல சீட்டு வந்தபோது அள்ளினார். சாயங்காலம் உக்கிரபாண்டியின் களம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"என்ன செட்டியாரே, ஒம்ம தரித்திரம் எங்கய்யா போச்சு?" என்று உக்கிரபாண்டி கத்தினார். சௌடப்பன் கிராம்போடு "ம்ம்" என்றான்.

சௌடப்பனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று ஊர் பூராவும் செய்தி பரவியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். பல்வலி போய்விட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. கம்புப் பானை காலியானது. வெங்கடலட்சுமி காலிப் பானையை அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து விளக்கினாள்.

"மச்சான், எனக்குப் பயமா இருக்கு" என்றான் என்னிடம். "நெசமாவே ராசி வந்திருச்சோ?"

"வந்தா நல்லதுதான மாப்ளே?"

"வந்துச்சா இல்லையான்னு தெரியணுமில்ல? வந்திருந்தா நானே ஆடி ஜெயிச்சுப் பொழச்சுக்கிறேன். வரலன்னா பழைய வேல கெடைக்கும். ரெண்டுங்கெட்டானா இருக்கிறவனுக்கு எவன் கூலி குடுப்பான்?"

"எத வச்சு ஆடுவ?"

அவன் வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தான். தறி நின்ற நாளிலிருந்து அந்த வீட்டுக்கு நிச்சயமான வரும்படி வெங்கடலட்சுமியின் அந்த வெள்ளாட்டுப் பால் ஒன்றுதான். கெஞ்சினேன், திட்டினேன், கேட்கவில்லை. மறுநாள் மேய்க்கப் போவதுபோல ஆட்டை ஓட்டிக்கொண்டு பஸ் ஏறினான். ஆட்டையாவது மீட்டு வரலாம் என்று நானும் ஏறினேன். பஸ் ஓர் இடத்திலும் நிற்காமல் ஓடியது. "பாத்தியா மச்சான், நிக்க மாட்டேங்குது" என்று சௌடப்பன் அழுகிற குரலில் சொன்னான்.

களத்தில் சங்கையா சிரித்துக்கொண்டே சீட்டைப் போட்டார். ஆட்டுக்கு ஈடாக மூன்று மூட்டை வத்தலை எதிரே வைத்தார். சௌடப்பனுக்கு வந்த சீட்டை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஐந்து, மூன்று, இரண்டு. அதைவிட மட்டமாக அச்சடிக்கவே முடியாது. கவிழ்த்திருந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒதுங்குகிறவன் ஒரு கை வத்தல் மட்டும் கொடுத்தால் போதும். அவன் கையும் நடுங்கியது. ஆனால் நடுங்குகிறவனைக் கண்டால்தான் அவனுக்கு இரக்கம் வந்துவிடுமே.

"சௌடப்பா, நீ கலங்காதப்பா" என்று தனக்குத்தானே சொல்ல ஆரம்பித்தான். "ஒனக்கென்ன கொறச்சல்? ஒன் காலம் மாறிருச்சு. ஒன் கைய ஜெயிக்க ஆளு இருக்கா?"

"மாப்ளே, வாய மூடு!" என்றேன். கேட்கவில்லை. அவனுடைய கழுத்தும் நிமிர்ந்தது. "ஆடு கட்டியாச்சு அண்ணாச்சி, காட்டுங்க" என்றான்.

சங்கையா காட்டினார். இரண்டு ஒன்பது, ஒரு ராணி.

சௌடப்பன் தன் சீட்டைப் பார்த்தான், சங்கையாவின் சீட்டைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். துள்ளிக் குதித்து எழுந்தான். "போச்சு! ஆடு போச்சு! மச்சான், என் தரித்திரம் எங்கயும் போகல!" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டான். உக்கிரபாண்டி ஓடி வந்து அவன் காலைத் தொடாத குறை. ஜெயித்த சங்கையா மட்டும் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் செத்துப்போனது என்று கேட்கிறவர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

ஆடில்லாமல் வந்த புருஷனை வெங்கடலட்சுமி கன்னடத்தில் வரவேற்றாள். அதைத் தமிழில் எழுதினால் பாதிதான் வரும். பின்னாலேயே வந்த உக்கிரபாண்டி, வர்ற வெள்ளிக்கிழமை செட்டியாரை அனுப்ப வேண்டும் என்று வாசலில் நின்று பணிவாகக் கேட்டார். அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

"இனிமே ரெண்டு படி. வெள்ளிக்கிழம ஆட்டத்துக்கு அந்த ஆடும் சேத்து வரணும்" என்றாள். பேரம் என்றால் அவளிடம்தான் கற்க வேண்டும். உக்கிரபாண்டி தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை சௌடப்பன் சங்கையா பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான்; ஆடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்த சௌடப்பனிடம், அதற்கு மேல் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "மாப்ளே, ஒனக்குத் தரித்திரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் ஒன் வாயி. நீ தூக்கிவிடுற, அவுக துள்ளி விழுந்துர்றாக. பல்வலியில பேசல, அதான் சங்கையா ஜெயிச்சாரு. களத்துல ஒன்னைய நீயே தூக்கிவிட்ட, ஆட்டத் தோத்த. இது தெறமை மாப்ளே, சுத்தமான தெறமை!"

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தமாச் சொல்லாத மச்சான். தெறமைன்னு தெரிஞ்சா நாளைக்கே நாலு பேரு கத்துக்கிருவான். நெசவும் தெறமைதான? இந்தத் தெருவுல தெரியாதவன் யாரு? எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம். தரித்திரம்னா எனக்கு மட்டுந்தான் மச்சான், எவனும் கத்துக்குடுன்னு கேட்டு வரமாட்டான்."

இருபது வருஷம் நெய்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.