டாலர் பெட்டியில் ஜவாட்ஸ்கி

வெர்னா ஜவாட்ஸ்கி தன் வாழ்நாளில் எதையும் பேரம் பேசி வாங்கியவள் அல்ல. தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில்கூட ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடப்பாள். அப்படிப்பட்டவளை, தொப்பி வைத்த ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு, அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் விற்கும் சந்தைக்கு, அந்தச் சனிக்கிழமை காலை இழுத்து வந்தவள் அவளுடைய நாத்தனார் ஐரீன்.

காரணம் நல்ல காரணம்தான். ஊர் உயர்நிலைப்பள்ளி தன் பழைய மாணவனும் வெர்னாவின் மறைந்த கணவனுமான மைலோ ஜவாட்ஸ்கிக்கு விளையாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறது. தலைக்கவசமும் சட்டையும் கொடுத்தாகிவிட்டது. அவன் படம் அச்சிட்ட அட்டை ஒன்று, அவன் கையெழுத்தோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"ஜவாட்ஸ்கி வீட்டுலயே ஜவாட்ஸ்கி கையெழுத்து இல்லைன்னா கேக்கறவன் சிரிப்பான்" என்று காரிலேயே ஆரம்பித்துவிட்டாள் ஐரீன்.

"எல்லாம் கேட்டவங்களுக்கு அனுப்பியாச்சு, ஐரீன்."

"அதான் என் தம்பி! ஒரு பையன் கடுதாசி போட்டாலும் தன் கையாலயே பதில் போடுவான். இந்தக் காலத்து ஆட்டக்காரனுங்களும் இருக்கானுங்களே, கையெழுத்துக்கு டிக்கெட் போட்டு விக்கறானுங்க."

வெர்னா சாலையைப் பார்த்து ஓட்டினாள். மைலோவை அடக்கம் செய்த அன்று பாதிரியாரும் இதையேதான் சொன்னார். அவன் பெரிய நட்சத்திரம் அல்ல. பந்தைத் தொடுகிற வேலையே அவனுக்கு இல்லை. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் சுவராக நின்று, வருகிறவனை எல்லாம் மார்பாலும் மண்டையாலும் முட்டி நிறுத்துகிற வேலை. அத்தகையவனை ஊர் நினைவில் வைத்திருந்தது ஆட்டத்துக்காக அல்ல, வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் போட்டவன் என்பதற்காக. அந்தக் குடும்பத்துக்கு இருந்த சொத்து அந்த ஒரு பேச்சுதான்.

மண்டபத்தில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை. சமையலறை ஜன்னலில் பெண்கள் பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐரீன் கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போருக்குப் போகிறவள்போல முதல் வரிசையில் நுழைந்தாள். அரிசோனாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டுக் கணவன் போனபின் ஊர் திரும்பியவள். மலிவு விலை என்றால் எண்பது வயதும் அவளுக்கு இடைஞ்சல் இல்லை.

மூன்றாவது மேசைக்காரன் லெஸ்டர் என்பவன். பருத்த உடம்பு, காகிதத் தட்டைத் தொந்தியின்மேல் நிறுத்தி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். எதிரே கண்ணாடிப் பேழை; அதற்குப் பக்கத்தில் நீள நீளமான அட்டைப்பெட்டிகள். ஒரு பெட்டியின்மேல் 'எதை எடுத்தாலும் ஒரு டாலர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஐரீன் நேராக அதில் கைவைத்தாள்.

"மெதுவா, மெதுவா! முனை மடங்கினா உங்க தலையிலதான் கட்டுவேன்" என்றான் லெஸ்டர்.

"கட்டு, கட்டு. என் தலையில ஏற்கெனவே நிறைய கட்டியாச்சு. ரெண்டு புருஷனைப் பாத்தவ நான்." அவள் விரல்கள் சீட்டுக்கட்டுக் கலைப்பவள்போல ஓடின. ஓடியவை நின்றன. "வெர்னா! ஏ வெர்னா! இங்க பாருடி! நம்ம பையன்!"

கழுத்தே இல்லாத இளைஞன் ஒருவன் முஷ்டியைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கும் படம். அதன் குறுக்கே நீல மையில் கையெழுத்து. ஜவாட்ஸ்கி என்ற பெயரின் முதல் எழுத்துக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. கடைசி எழுத்தின் வால் பின்னோக்கி வளைந்து பெயர் முழுவதையும் அடியிலிருந்து ஏந்திக்கொண்டிருந்தது.

வெர்னா அதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அவள் போட்ட கையெழுத்து.

பல வருஷங்களுக்கு முன், வீட்டுச் சமையலறை மேசை. ஞாயிற்றுக்கிழமை மாலை. வாரம் முழுதும் கையெழுத்துக் கேட்டு அட்டையோடு வந்த உறைகள். ஆரம்பத்தில் மைலோதான் போட்டான். வேலி நட்டதுபோல அழுத்தி அழுத்தி. வயது ஐம்பதைத் தாண்டியதும் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்க்க ஆரம்பித்தான். அடுத்து என்ன வரும் என்று அந்தப் பார்வை கேட்டது. சில மாதங்களில் அந்த முதல் எழுத்தும் போயிற்று. முட்டி முட்டிக் கலங்கிப்போன மண்டை அது. கடிதங்கள் நின்றபாடில்லை. பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ஓர் அட்டையை எடுத்து, "நல்ல தோள் இந்தப் பையனுக்கு. யார் பெத்த பிள்ளையோ" என்றான்.

அவன் வெளியே வராததற்கு முதுகுவலி என்று ஊரிடம் சொன்னாள். கடைசி இரண்டு வருஷம் மறைக்க முடியாமல் போனபோது, அப்போதுதான் நினைவு தப்ப ஆரம்பித்ததுபோலச் சொன்னாள். ஜவாட்ஸ்கி வீட்டு ஆணைப் பார்த்து ஊர் இரக்கப்படுவதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

"ஒரு டாலராம்!" ஐரீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் அவள் கண் கண்ணாடிப் பேழைக்குள் போனது. அதே அட்டை, கையெழுத்து இல்லாமல், ஐந்து டாலர். "இது என்னய்யா கணக்கு? வெறுங்கார்டு அஞ்சு, கையெழுத்து போட்டது ஒண்ணா? மாத்தி வச்சுட்டியா?"

"மாத்தி வைக்கலைங்க. அந்தக் கையெழுத்து கார்டைக் கெடுத்துடுச்சு." லெஸ்டர் தட்டைக் கீழே வைத்தான். "அது ஜவாட்ஸ்கி கை இல்லை. தொண்ணூறாம் வருஷம் வாக்குல வரைக்கும் தபால்ல வந்ததெல்லாம் அவர் போட்டது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் இந்த வால் வச்ச கை. கார்டு சேக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்து யாரையோ உக்கார வச்சுப் போட வச்சிருக்காரு மனுஷன். பெரிய ஆளாயிட்டா பசங்க கடுதாசியெல்லாம் குப்பைதானே."

"என்ன சொன்னே?"

"ஊர்ல சொல்றதைச் சொன்னேன்."

"நான் அவன் அக்கா!" ஐரீனின் குரலுக்கு அடுத்த வரிசைத் தொப்பிகள் திரும்பின. "என் தம்பி ஏமாத்துக்காரனா? அவன் பேரைச் சொல்ல உனக்கு என்னய்யா யோக்கியதை? இதோ நிக்கறா பாரு, அவன் பொண்டாட்டி. வெர்னா, சொல்லு! இது அவன் கையெழுத்தா இல்லையா? வாயைத் திறந்து சொல்லு!"

லெஸ்டர் எழுந்து நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றினான். "மிஸஸ் ஜவாட்ஸ்கியா? எனக்குத் தெரியாதுங்க. மன்னிச்சுக்கங்க."

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். முன்னால் வந்து நின்ற தாடிக்காரன் ஒருவன் கக்கத்தில் தடித்த ஆல்பம் வைத்திருந்தான். வெர்னா முதுகை நிமிர்த்தினாள். இல்லை என்று சொன்னால் மைலோ சோம்பேறி, பையன்களை ஏய்த்தவன். அதற்குக் காரணத்தையும் சொன்னால், பெயர் எழுதத் தெரியாமல் போனவன். இரண்டில் எதையும் இந்தத் தொப்பிகளுக்கு முன்னால் அவளால் தர முடியாது.

"என் புருஷன் கையெழுத்துதான்" என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காததே பிறகு அவளை அதிகம் சுட்டது.

"அப்ப இத்தனை நாள் நாங்கதான் தப்பா சொல்லிட்டிருந்தோமா!" லெஸ்டர் தலையில் கைவைத்தான். தாடிக்காரன் அவசரமாக ஆல்பத்தை விரித்தான். உள்ளே, தனி உறையில், அதே வால் வைத்த கையெழுத்து.

"எட்டு வயசுல வந்துச்சுங்க" என்றான். "போலின்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. தூக்கிப் போட மனசு வரலை. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சின்னச் சிரிப்பு. வெர்னா அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் லெஸ்டர் பெட்டியிலிருந்த மற்ற ஜவாட்ஸ்கிகளையும் பொறுக்கி எடுத்துக் கண்ணாடிக்குள் அடுக்க ஆரம்பித்திருந்தான். யாருக்காவது சந்தேகம் மிச்சமிருந்தால் அதுவும் தீரட்டும் என்று, ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் நீட்டினான். "ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா. இது அவர் கைன்னு எழுதி, கீழ உங்க பேரு. அதை இங்கயே மாட்டி வைக்கிறேன். இனிமே ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்."

"எழுதிக் கொடு, எழுதிக் கொடு" என்றாள் ஐரீன். "கொட்டை எழுத்துல எழுது!"

பொய் சொல்லிவிட்டவளுக்கு எழுதுவதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? அவள் குனிந்து எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். வெர்னா என்று எழுதும்வரை ஒன்றும் இல்லை. பிறகு கை தானாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓடிய அதே ஓட்டம். இடுப்பில் குறுக்குக் கோடு. வால் பின்னோக்கி வளைந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். நிறுத்தியிருக்கலாம். வால் முடிந்துவிட்டது.

சீட்டை அவள் உள்ளங்கையால் மூடப் போனாள். ஐரீனின் கை முந்திக்கொண்டது.

"பாருங்கய்யா, பாருங்க!" ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் சீட்டுமாக, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐரீன் உயர்த்திப் பிடித்தாள். "படிக்கத் தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் வந்து பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். கையெழுத்துப் பார்த்தே பிழைக்கிறவர்கள். இரண்டாம் தடவை பார்க்கத் தேவையில்லாதவர்கள். இரண்டிலும் அதே குறுக்குக் கோடு, அதே வால். ஒருவன் இருமினான். பின்வரிசைக்காரர்கள் தங்களுக்குப் பியரோகி ஞாபகம் வந்ததுபோலக் கலைந்தார்கள். தாடிக்காரன் ஆல்பத்தின் பக்கத்தை மெல்லப் புரட்டி, அந்த அட்டை வெர்னாவின் கண்ணில் படாதபடி மூடினான். அவன் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"என்னய்யா எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்ற ஐரீன், கடைசியாகத் தன் கைகளில் இருந்ததைத் தானே பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அவள் கைகள் இறங்கின.

லெஸ்டர் சீட்டை அவள் விரல்களிலிருந்து எடுத்து நாலாக மடித்து வெர்னாவின் பக்கம் நகர்த்தினான். கண்ணாடிக்குள் வைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி டாலர் பெட்டியில் சொருகினான். அதை அவன் சத்தமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு செய்தான். "வெறுங்கார்டு ஒண்ணு எடுத்துக்கங்கம்மா" என்றான் மெதுவாக. "பள்ளிக்கூடத்துக்குன்னா காசு வேண்டாம்."

"விலையைக் கொடுத்துடறேன்" என்றாள் வெர்னா. ஐந்து டாலரை மேசையில் வைத்தாள். இத்தனைக்குப் பிறகும் இலவசத்தை மறுக்கத் தனக்கு வாய் வந்ததே என்று அவளுக்கே கூசியது.

வண்டி நிறுத்தும் இடத்தில் பனி மிதிபட்டுச் சேறாகியிருந்தது. ஐரீன் முன்னால் நடந்தாள். வழுக்கிய இடத்தில் வெர்னா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. காரில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்தாள். வெர்னா சாவியைத் திருகினாள். கண்ணாடியில் படிந்திருந்த பனி கரைய வேண்டும்.

"தொண்ணூறுலேர்ந்தா?" என்றாள் ஐரீன்.

"அதை ஒட்டித்தான்."

"நான் கிறிஸ்துமஸுக்கு வந்தப்பல்லாம் நீயே பேசினே. அவனைப் பேச விடலை. உன்னைத் திமிர் பிடிச்சவள்னு என் புருஷன்கிட்ட திட்டியிருக்கேன்."

"தெரியும்."

"நான் அக்காடி அவனுக்கு. ஊருக்கு மறைச்சே, சரி. எனக்குமா?"

வெர்னா வெப்பக் காற்றைக் கூட்டினாள். ஐரீனுக்குத் தெரிந்திருந்தால் அரிசோனாவிலிருந்து ஓடி வந்திருப்பாள், அழுதிருப்பாள், தேவாலயத்தில் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டு ஜெபிக்கச் சொல்லியிருப்பாள். அதற்குத்தான் பயந்தாள். தம்பியை அக்காவிடமிருந்து காப்பாற்றுவதாக அன்று நினைத்துக்கொண்டாள். இப்போது யோசித்தால், காப்பாற்றியது தன் நிமிர்ந்த முதுகை மட்டும்தான் என்று பட்டது.

கண்ணாடியில் பனி ஓரத்திலிருந்து உருக ஆரம்பித்தது. ஐரீன் திடீரென்று திரும்பினாள்.

"என் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் வாழ்த்து வருமே. 'உன் தம்பி மைலோ'ன்னு. அலமாரி மேல் தட்டுல எல்லாத்தையும் வச்சிருக்கேன்."

வெர்னா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் நீதானா?"

"ஆமா."

"எழுதறப்ப அவன் பக்கத்துல இருந்தானா?"

"எதிர்ல உக்காந்திருப்பான்."

"ஐரீனுக்குன்னு சொன்னியா அவன்கிட்ட? என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

ஒரு நல்ல பொய் வெர்னாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சிரிச்சான், தலையாட்டினான், ஏதோ ஒன்று. இருபது வருஷப் பழக்கம். கையைப் போலவே நாக்குக்கும் ஓட்டம் உண்டு. அந்தப் பொய்யை அவள் விழுங்கிக்கொண்டாள். ஐரீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடி முழுதும் தெளிந்துவிட்டது. வெர்னா வண்டியை எடுக்கவில்லை.

"சரி" என்றாள் ஐரீன். "சொல்ல வேண்டாம்." முகத்தைப் பக்கத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.